டிஜிட்டல் கரன்சியை நம்பலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈரோட்டில் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து கொடுக்கும் வேலை எனக்கு. வந்த வேலை முடிந்து எழுந்திருக்கும்போது, “இன்னொரு சின்ன சந்தேகம் சார்” என்று ஆரம்பிப்பவர்களில் பாதிப்பேர் இப்போதெல்லாம் கேட்பது டிஜிட்டல் கரன்சியைப் பற்றித்தான். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். எதை வாங்கலாம், எப்போது விற்கலாம் என்று இதில் இருக்காது. அது என் தொழில் இல்லை.

டிஜிட்டல் கரன்சின்னா என்ன சார்? நாங்கதான் தினமும் ஜிபே பண்றோமே, அதுதானே?

அது இல்லை. ஜிபேயிலும் போன்பேயிலும் நடப்பது யூ.பி.ஐ. ஒரு வங்கிக் கணக்கிலிருந்து இன்னொரு வங்கிக் கணக்குக்குப் பணம் போகிறது, அவ்வளவுதான். அந்த ஆப்கள் உத்தரவைக் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. பணம் எப்போதும் வங்கியில்தான் இருக்கிறது.

டிஜிட்டல் கரன்சி என்று என்னிடம் கேட்பவர்கள் மூன்று வேறு வேறு சங்கதிகளைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ரிசர்வ் வங்கி வெளியிடும் இ-ரூபாய் ஒன்று. எந்த அரசும் வங்கியும் வெளியிடாத பிட்காயின், ஈதர் போன்ற கிரிப்டோ இன்னொன்று. யூ.எஸ்.டி.டி. மாதிரி ஒரு கம்பெனி வெளியிட்டு, “ஒரு காயின் ஒரு டாலர்” என்று சொல்லும் ஸ்டேபிள்காயின் மூன்றாவது. மூன்றுக்கும் சேர்த்து ‘நம்பலாம்’, ‘நம்பக்கூடாது’ என்று ஒரே பதில் சொல்ல முடியாது. எதுவானாலும் நான் முதலில் பார்ப்பது, நாளைக்கு ஒரு சிக்கல் என்றால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்பதைத்தான்.

இ-ரூபாய் நிஜப் பணமா? கடைக்காரர் வாங்க மாட்டேன்னு சொல்லிட்டா?

நிஜப் பணம்தான். 2022-ல் நிதிச் சட்டத்தின் வழியாக ரிசர்வ் வங்கிச் சட்டத்தைத் திருத்தி, வங்கி நோட்டு என்பதில் டிஜிட்டல் நோட்டையும் சேர்த்துவிட்டார்கள். உங்கள் சட்டைப் பையில் இருக்கும் 500 ரூபாய் நோட்டுக்கு யார் பொறுப்போ அவர்களேதான் இதற்கும் பொறுப்பு. பொதுமக்களுக்கான சோதனை 2022 டிசம்பர் 1 அன்று மும்பை, டெல்லி, பெங்களூரு, புவனேஸ்வர் என நான்கு நகரங்களில் தொடங்கியது. அப்புறம் மற்ற ஊர்களுக்கும் வங்கிகளுக்கும் விரிந்தது.

ஸ்டேட் வங்கி உட்படப் பல வங்கிகள் இதற்கென்று தனி ஆப் வைத்திருக்கின்றன. திறந்தால் 500, 200, 100 என்று நோட்டும் நாணயமும் படமாகவே தெரியும். கணக்கிலிருந்து வேண்டிய தொகையை ஏற்றிக்கொள்ளலாம், மிச்சத்தைத் திரும்பக் கணக்கிலேயே போட்டுக்கொள்ளலாம். கடைக்காரரிடம் இ-ரூபாய் வாலட் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. 2023-லிருந்து அவர் ஒட்டிவைத்திருக்கும் சாதாரண யூ.பி.ஐ. கியூ.ஆர். கோடையே ஸ்கேன் செய்து கட்டலாம். அவருக்கு வழக்கம்போல வங்கிக் கணக்கில் வரவாகும்.

யூ.பி.ஐ.யே நல்லா ஓடுது. அப்புறம் இ-ரூபாய் எதுக்கு?

நியாயமான கேள்வி. பெரும்பாலானோருக்கு இன்றைக்கு அவசரத் தேவை எதுவும் இல்லை என்பதுதான் என் எண்ணம். ஆனாலும் வித்தியாசம் உண்டு. கணக்கில் இருக்கும் பணம், வங்கி உங்களுக்குத் தர வேண்டிய கடன். வங்கி கவிழ்ந்தால் டெபாசிட் காப்பீட்டில் ஒரு வங்கிக்கு ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரைதான் உத்தரவாதம். இ-ரூபாய் நேரடியாக ரிசர்வ் வங்கியின் பொறுப்பு என்பதால், உங்கள் வங்கிக்கு என்ன ஆனாலும் அதற்குப் பாதிப்பு இல்லை.

இன்னொன்று, 2025 அக்டோபரில் ரிசர்வ் வங்கி இணையம் இல்லாமலே இ-ரூபாய் செலுத்தும் வசதியைக் கொண்டுவந்தது. டவர் கிடைக்காத மலைக்கிராமத்துக் கடையில் யூ.பி.ஐ. சுற்றிக்கொண்டே நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும். வட்டி கிடைக்குமா என்று சிலர் கேட்கிறார்கள். கிடைக்காது. பீரோவில் வைத்த நோட்டுக்கு வட்டி வருகிறதா என்ன?

இ-ரூபாய்ல நான் என்ன வாங்குறேன்னு கவர்மென்ட்டுக்குத் தெரிஞ்சிடுமா?

பண நோட்டுக்கு இருக்கிற அளவு ரகசியம் இதில் கிடையாது. வாலட் உங்கள் கைபேசி எண்ணோடும் வங்கியோடும் கட்டப்பட்டிருக்கிறது. தேடினால் தடம் கிடைக்கும். சின்னத் தொகைகளுக்கு ரொக்கம் போன்ற மறைவு இருக்கும் என்று ரிசர்வ் வங்கி ஆரம்பத்திலிருந்தே சொல்லிவருகிறது. அதைச் சட்டப்படியான உரிமையாக எழுதித் தரும்வரை நான் அதைச் சத்தியமாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

நடைமுறையில் ஒரு லாபம் இருக்கிறது. யூ.பி.ஐ.யில் ஒவ்வொரு டீக்கும் பாஸ்புக்கில் ஒரு வரி விழுகிறது. இ-ரூபாயில் நீங்கள் 2,000 ரூபாய் ஏற்றியது மட்டும்தான் கணக்குச் சீட்டில் வரும். அதை எங்கெங்கே செலவழித்தீர்கள் என்பது வராது. வீட்டுக் கடனுக்கு ஆறு மாத ஸ்டேட்மென்ட் எடுத்து, நூறு பக்கத்தை என் மேசையில் வைத்தவர்களுக்கு இதைச் சொன்னால் உடனே பிடித்துப்போகிறது.

பிட்காயினுக்குப் பின்னாடி என்ன இருக்கு? தங்கம் ஏதாவது வச்சிருக்காங்களா?

ஒன்றும் இல்லை. சடோஷி நகமோட்டோ என்ற பெயரில் எழுதிய யாரோ 2008-ல் திட்டத்தை வெளியிட்டார். 2009 ஜனவரியில் அது ஓட ஆரம்பித்தது. அவர் யார் என்பது இன்றுவரை உறுதியாகத் தெரியாது. மொத்தமே 2.1 கோடி காயின்தான் வரும் என்பது விதி. புதிதாக வரும் அளவும் சுமார் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகிறது. கடைசியாக 2024 ஏப்ரலில் ஆனது. கணக்குப் புத்தகத்தை உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான கணினிகள் வைத்திருப்பதால் ஒருவர் உட்கார்ந்து திருத்த முடியாது.

ஆக, கணக்கு முறையை நம்பலாம்; இத்தனை ஆண்டுகளில் அதை யாரும் உடைக்கவில்லை. விலையை நம்பலாமா என்பது வேறு விஷயம். அடுத்தவர் என்ன விலை தரத் தயாராக இருக்கிறாரோ அதுதான் விலை. 2021 நவம்பரில் ஒரு பிட்காயின் 69,000 டாலரை ஒட்டி இருந்தது. சரியாக ஒரு வருடத்தில் 16,000 டாலருக்கும் கீழே வந்தது. 2024 டிசம்பரில் ஒரு லட்சம் டாலரைத் தாண்டியது. மகள் கல்யாணத்துக்கு என்று சேர்க்கும் பணத்தை இந்த ஊஞ்சலில் வைக்க எனக்கு மனசு வராது.

கிரிப்டோவுக்கு வரி வாங்குறாங்க. அப்போ சட்டப்படி சரின்னுதானே அர்த்தம்?

வரி வாங்குவதற்கும் அங்கீகாரத்துக்கும் சம்பந்தம் இல்லை. சட்டவிரோத வருமானத்துக்கும் வரி உண்டு. நடந்தது இதுதான்: 2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி, கிரிப்டோ வியாபாரிகளுக்குச் சேவை கொடுக்கக்கூடாது என்று வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2022 பட்ஜெட்டில் வரி வந்தது. 2023 மார்ச்சில், காயின் வாங்கி விற்க உதவும் கம்பெனிகளான எக்ஸ்சேஞ்சுகள் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்தன.

எனவே வாங்குவதும் விற்பதும் குற்றம் இல்லை. ஆனால் அது செல்லுபடியாகும் பணமும் இல்லை. கடைக்காரர் மறுத்தால் நீங்கள் எதுவும் சொல்ல முடியாது. இதற்கென்று தனிச் சட்டமும் இன்னும் வரவில்லை. பங்குச் சந்தையில் தகராறு என்றால் செபியிடம் போகலாம். இங்கே அப்படி ஒரு வாசல் கிடையாது.

பெரிய எக்ஸ்சேஞ்ச்ல வச்சிருக்கேன். பத்திரமா இருக்கும்தானே?

நகைக்கடையில் மாதச் சீட்டுக் கட்டுகிறோம். தங்கம் நம்முடையதுதான் என்று அட்டையில் எழுதியிருக்கும். ஆனால் கடை ஷட்டரை இறக்கிவிட்டால் கையில் மிஞ்சுவது அந்த அட்டைதான். எக்ஸ்சேஞ்சில் வைத்த காயினும் அந்த நிலைமையில்தான் இருக்கிறது. திரையில் தெரிவது உங்கள் காயின் இல்லை, கம்பெனி உங்களுக்குத் தர வேண்டிய பாக்கி.

ஜப்பானின் மவுண்ட் காக்ஸ் 2014-ல் திவாலானபோது 8.5 லட்சம் பிட்காயினைக் காணோம் என்றது. ஏமாந்தவர்களுக்கு காயினைத் திருப்பிக் கொடுக்க ஆரம்பிக்கவே 2024 ஆகிவிட்டது. 2022 நவம்பரில் எஃப்.டி.எக்ஸ். சில நாட்களில் சரிந்தது. நம் நாட்டு எக்ஸ்சேஞ்சான வசீர்எக்ஸிலிருந்து 2024 ஜூலை 18 அன்று சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள காயின்கள் திருடுபோயின. வட கொரிய ஹேக்கர்கள் வேலை என்று அமெரிக்காவும் ஜப்பானும் தென் கொரியாவும் பின்னர் கூட்டாக அறிவித்தன. திருடு போகாத காயின் வைத்திருந்தவர்களும் எடுக்க முடியாமல் ஒரு வருடத்துக்கு மேல் காத்துக் கிடந்தார்கள். மேலே சொன்ன 5 லட்சம் ரூபாய்க் காப்பீடு இதற்குப் பொருந்தாது.

ஒரு நல்ல செய்தியும் இந்த விவகாரத்திலிருந்து வந்தது, அதுவும் சென்னையிலிருந்து. எக்ஸ்.ஆர்.பி. காயின் வைத்திருந்த ஒரு வாடிக்கையாளர், “திருடு போனது வேறு காயின், என்னுடையதை ஏன் முடக்குகிறீர்கள்?” என்று வழக்குப் போட்டார். 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோ என்பது ஒருவர் உடைமையாக வைத்திருக்கக்கூடிய சொத்துதான் என்று சொல்லி அவருக்கு இடைக்காலப் பாதுகாப்பு கொடுத்தார். தட்டுவதற்கு ஒரு கதவு இருக்கிறது என்பதற்கு இது அடையாளம். ஆனால் ஒவ்வொருவரும் வக்கீல் வைத்துத் தட்ட வேண்டும்.

அப்போ நானே என் வாலட்டுல வச்சுக்கிட்டா தொல்லை இல்லையே?

கம்பெனி ஓடிவிடும் என்ற தொல்லை இல்லை. அதற்குப் பதிலாக எல்லாப் பொறுப்பும் உங்கள் தலையில். வாலட் என்பது காயினுக்கான சாவியை வைத்திருக்கும் ஆப் அல்லது கருவி. அதைத் தொடங்கும்போது 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்களைத் தரும். அந்தச் சொற்கள் யாரிடம் இருக்கின்றனவோ அவருக்குத்தான் காயின் சொந்தம். தொலைத்தால் போச்சு. மறந்துவிட்டேன் என்று எழுதிக் கொடுக்க மேனேஜர் கிடையாது, வாடிக்கையாளர் சேவை எண் கிடையாது.

வேல்ஸில் நியூபோர்ட் நகரைச் சேர்ந்த ஒருவரின் ஹார்டு டிஸ்க் 2013-ல் குப்பையோடு போய்விட்டது. அதில் சுமார் 8,000 பிட்காயினுக்கான சாவி இருந்தது. குப்பைக் கிடங்கைத் தோண்ட விடுங்கள் என்று ஆண்டுக்கணக்கில் நகராட்சியோடு மல்லுக்கட்டினார். 2025 ஜனவரியில் நீதிமன்றம் அவர் வழக்கைத் தள்ளுபடி செய்தது. இ-ரூபாயில் இந்தப் பிரச்சினை இல்லை. போன் தொலைந்தால் வங்கி மூலமாக வாலட்டைப் புதிய போனில் மீட்கலாம்.

ஸ்டேபிள்காயின் டாலர்தானே? அதுல ஏற்ற இறக்கம் இல்லையே?

பின்னால் நிஜ டாலர் இருக்கிறது என்று கம்பெனி சொல்கிறது. அது உண்மையாக இருக்கும்வரை விலை நிற்கும். 2022 மே மாதம் டெர்ரா யூ.எஸ்.டி. என்ற ஸ்டேபிள்காயின் சில நாட்களில் ஒன்றுமில்லாமல் போனது. அதன் பின்னால் இருந்தது டாலர் இல்லை, லூனா என்ற இன்னொரு காயின். நிஜமாகவே டாலர் வைத்திருந்த யூ.எஸ்.டி.சி.யும் 2023 மார்ச்சில் 90 சென்ட்டுக்குக் கீழே இறங்கியது. அதன் கையிருப்பில் ஒரு பகுதி, அப்போது கவிழ்ந்த அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியில் மாட்டிக்கொண்டிருந்தது. சில நாட்களில் மீண்டது என்பதும் உண்மை. வெளியிடுபவர் யார், பணத்தை எங்கே வைத்திருக்கிறார் என்று பார்க்காமல் ‘டாலர் மாதிரி’ என்று சொல்லிக்கொள்வதில் அர்த்தமில்லை.

யூ.எஸ்.டி.டி. வித்தா மார்க்கெட்டைவிட ரெண்டு மூணு ரூபா கூடத் தர்றேங்கிறாங்க. விக்கலாமா?

வேண்டாம். எங்களிடம் கணக்குப் பார்க்கும் ஒரு ஜவுளிக்கடைக்காரரின் தம்பிக்கு நடந்ததைச் சொல்கிறேன். டெலிகிராம் குழுவில் அறிமுகமான ஒருவருக்கு யூ.எஸ்.டி.டி. விற்றார். பணம் உடனே வங்கிக் கணக்குக்கு வந்தது. சில நாள் கழித்து ஏ.டி.எம்.மில் கார்டு போட்டால் பணம் வரவில்லை. வங்கியில் விசாரித்தால், வடமாநில சைபர் கிரைம் போலீஸ் சொல்லி முடக்கியிருக்கிறோம் என்றார்கள்.

விஷயம் இதுதான். யாரோ ஒருவரை ஏமாற்றிப் பணத்தைப் பறித்த கும்பல், அதை வெளுக்க யூ.எஸ்.டி.டி. வாங்குகிறது. அதனால்தான் கூட விலை. பணத்தை இழந்தவர் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைத்துப் புகார் கொடுத்ததும், அந்தப் பணம் போன கணக்குகளை எல்லாம் போலீஸ் வரிசையாக முடக்குகிறது. அந்த வரிசையில் இந்தத் தம்பியும் நின்றார். விற்றதற்கான ஆர்டர் விவரம், உரையாடல், அடையாளச் சான்று எல்லாம் திரட்டிக்கொண்டு தெரியாத ஊர்க் காவல் நிலையத்துக்கு இந்தியில் கடிதம் எழுதி அனுப்பினார். கடையின் ஜி.எஸ்.டி. பணமும் அதே கணக்கில் இருந்ததுதான் பெரிய வேதனை. பணம் அனுப்புபவர் பெயரும் விற்பனையில் காட்டிய பெயரும் வேறு வேறாக இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

மாசம் 10 பர்சென்ட் தர்ற காயின் ஒண்ணு இருக்காம். மச்சான் போட்டிருக்கார், பணமும் வந்துட்டு இருக்கு.

ஈமு கோழி மோசடியைப் பார்த்த மாவட்டம் இது; நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கெயின்பிட்காயின் என்ற திட்டம் மாதம் 10 சதவீதம் வீதம் 18 மாதம் தருவதாகச் சொல்லி நாடு முழுக்கச் சுருட்டியது. ஒன்காயினில் காயின் என்று ஒன்று உண்மையில் இல்லவே இல்லை. அதை நடத்திய ருஜா இக்னடோவா 2017-ல் தலைமறைவானவர்தான், எஃப்.பி.ஐ. இன்னும் தேடுகிறது. மச்சானுக்கு இப்போது வரும் பணம் அடுத்துச் சேர்ந்தவர் போட்டது. ஆள் சேர்த்தால் கமிஷன் என்றாலே, அதில் காயின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நகர்ந்துவிடுங்கள்.

எனக்கு மொத்தத்துல லாபமே பெருசா இல்லை. அதுக்கும் வரியா?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போதுதான் எதிரில் இருப்பவர் முகம் மாறும். கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீதம் வரி, அதன் மேல் 4 சதவீதம் செஸ். வாங்கிய விலையைத் தவிர எதையும் கழிக்க முடியாது. ஒரு காயினில் வந்த நஷ்டத்தை இன்னொரு காயின் லாபத்தோடு நேர் செய்யவும் முடியாது. ஒன்றில் 1,00,000 ரூபாய் லாபம், இன்னொன்றில் 80,000 நஷ்டம் என்று வைத்துக்கொள்வோம். கையில் வந்தது 20,000. வரி 31,200. ஆக 11,200 ரூபாய் கைப்பணத்தைப் போட்டுக் கட்ட வேண்டும்.

“12 லட்சம் வரைக்கும் வரியே இல்லைன்னாங்களே” என்று அடுத்த கேள்வி வரும். அந்தத் தள்ளுபடி இப்படித் தனி விகிதத்தில் வரி போடும் வருமானத்துக்குக் கிடையாது. 2025-26 நிதியாண்டிலிருந்து சட்டத்திலேயே அப்படி எழுதிவிட்டார்கள். விற்கும்போது பிடிக்கும் 1 சதவீத டி.டி.எஸ். லாபத்தின் மீது இல்லை, விற்ற மொத்தத் தொகையின் மீது. அதைக் கணக்குத் தாக்கலில் கழித்துக்கொள்ளலாம். ஒரு காயினைக் கொடுத்து இன்னொன்று வாங்கினாலும், பிட்காயின் கொடுத்துக் காபியே குடித்தாலும் அது விற்பனைதான். சும்மா வைத்திருந்தால் மட்டும் வரி இல்லை.

வெளிநாட்டு எக்ஸ்சேஞ்ச்ல செஞ்சா டிபார்ட்மென்ட்டுக்கு எப்படித் தெரியும்?

முன்பு தெரியாமல் இருந்திருக்கலாம். 2023 டிசம்பரில் பைனான்ஸ் (Binance) உட்பட ஒன்பது வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுகளுக்கு மத்திய அரசின் நிதி நுண்ணறிவுப் பிரிவு நோட்டீஸ் விட்டது. பைனான்ஸ் 18.82 கோடி ரூபாய் அபராதத்துக்கு ஆளாகி இங்கே பதிவும் செய்துகொண்டது. பதிவு செய்தால் வாடிக்கையாளர் விவரம் வைத்திருந்தே ஆக வேண்டும். மறைப்பதற்கு வழி கேட்டு வருபவர்களுக்கு என்னிடம் டீ மட்டும்தான் கிடைக்கும்.

சரி சார், நீங்க என்ன வச்சிருக்கீங்க? அதைச் சொல்லுங்க.

தினசரிச் செலவுக்கு யூ.பி.ஐ. போதும். இ-ரூபாய் வாலட்டில் கொஞ்சம் சில்லறை வைத்திருக்கிறேன், மேலே சொன்ன பாஸ்புக் காரணத்துக்காக. பிட்காயினைச் செலவுக்கான பணமாக நான் நினைக்கவில்லை. அதைச் செலவுப் பணமாக்கிப் பார்த்த நாடு எல் சால்வடோர். செல்லுபடியாகும் பணம் என்று போட்ட சட்டம் 2021 செப்டம்பரில் அமலுக்கு வந்தது. பன்னாட்டு நாணய நிதியத்திடம் (ஐ.எம்.எஃப்.) கடன் வாங்கும் நிலை வந்தபோது, 2025 ஜனவரியில் கடைக்காரர்கள் கட்டாயம் வாங்க வேண்டும் என்ற விதியை எடுத்துவிட்டார்கள். அங்கேயே மக்கள் டாலரைத்தான் நீட்டினார்கள்.

சொத்தாக வாங்கிப் போடுகிறேன் என்றால் உங்கள் இஷ்டம். கடன் வாங்கிப் போடாதீர்கள், நகையை வைத்துப் போடாதீர்கள். முழுதும் போனாலும் வீட்டில் சண்டை வராத தொகை எதுவோ, அதுதான் உங்கள் வரம்பு.

அப்பா தவறிட்டார். பென்டிரைவ் மாதிரி ஒரு வாலட் இருக்கு, பின் நம்பர் யாருக்கும் தெரியாது. எடுக்க முடியுமா?

பின்னைத் தப்பாகப் போட்டுப் போட்டுப் பார்க்காதீர்கள். பல கருவிகள் சில முறைக்கு மேல் தவறினால் தம்மையே அழித்துக்கொள்ளும். முதலில் அந்த 12 அல்லது 24 சொற்கள் எழுதிய தாளைத் தேடுங்கள்: பீரோ, எல்.ஐ.சி. பத்திரக் கவர், பழைய டைரி, லாக்கர். தாள் கிடைத்தால் கருவியே தேவையில்லை, புதிய வாலட்டில் மீட்டுவிடலாம். கிடைக்காவிட்டால் வாரிசுச் சான்றிதழை வைத்து எதுவும் செய்ய முடியாது. ‘மீட்டுத் தருகிறோம்’ என்று இணையத்தில் முன்பணம் கேட்பவர்கள் பெரும்பாலும் அடுத்த மோசடிக்காரர்கள். எக்ஸ்சேஞ்சில் இருந்திருந்தால் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழோடு அந்தக் கம்பெனியிடம் கேட்கலாம். அப்பாவின் மெயிலில் அவர்கள் அனுப்பிய கடிதங்களும், 26ஏ.எஸ். படிவத்தில் டி.டி.எஸ். பிடித்தவர் பெயரும் இருக்கும். எந்தக் கம்பெனி என்று அதிலிருந்து கண்டுபிடித்துவிடலாம்.

உயிரோடு இருப்பவர்கள் உயில் எழுதும்போது அந்தத் தாள் எங்கே இருக்கிறது என்பதை மட்டும் எழுதுங்கள். சொற்களை உயிலில் எழுதிவிடாதீர்கள். பதிவு அலுவலகம், வக்கீல், நகல் எடுக்கும் கடை என்று உயில் பல கை மாறும்.